ஐஸ் அறையில் வைத்த புத்தகம்

மழை பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆகியும் விடுகிற பாடாக இல்லை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு கல்லூரிச் சாலைக்குள் புகுந்த காலையில், நூலகத்தின் கீழ்த்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி இரண்டு பேர் பூட்டைத் திறந்தும் அசையாத ஓர் இரும்பு அலமாரியின் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நூலகர். கனத்த உடம்பு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மற்றவள் அங்கே பைண்டிங் வேலை பார்க்கிறவள். கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுவதே பிழைப்பு என்பதால் மைதாப் பசையின் வாடை அவள் கையை விட்டுப் போனதே இல்லை. கல்லூரி முழுக்க அவளுக்குப் பசையக்கா என்றுதான் பேர். அவளைவிட வயதில் மூத்த பேராசிரியர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சார், தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. வாங்க, மேல போயிடலாம்" என்றாள் பசையக்கா. பல் கிட்டியது.

"இது ஒண்ணு. இத மட்டும் எடுத்துட்டா போதும். இன்னும் கொஞ்சம் இழு."

கதவு விட்டுக் கொடுத்ததும் உள்ளே அடைபட்டிருந்த தண்ணீர் அவர்கள் வயிற்றில் மோதியது. நூலகர் கையை விட்டுத் துழாவி, ஒன்றை மார்போடு அணைத்து எடுத்தார். தோல் அட்டை, பித்தளைக் கொக்கி. ஊறிப்போய்க் கருங்கல் மாதிரி கனத்தது.

பூமி அசையாமல் கிடக்கிறது, சூரியன்தான் அதைச் சுற்றி வருகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சுற்றுவது நாம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டிய புத்தகம் அது. முதன்முதலில் அச்சேறியபோது வந்த பிரதிகளில் ஒன்று. எந்தக் காலத்திலோ ஒரு சீமான் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பசையக்காவுக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது. தூசி தட்ட எடுக்கும்போது வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம் வரும். அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடுவாள். தாள்களின் ஓரத்தில் அந்தக் காலத்து வாசகன் எவனோ பொடி எழுத்தில் ஏதேதோ எழுதி வைத்திருந்தான். அச்சு மை தண்ணீருக்கு அசையாது, அந்தக் கையெழுத்துதான் கரைந்துவிடும் என்று நூலகர் அடிக்கடி சொல்வார்.

மேலே வந்ததும் பசையக்கா அட்டையின் மேல் கை வைத்தாள். நூலகர் பதறிவிட்டார்.

"திறக்காதம்மா! திறந்தா போச்சு."

"ஈரம் உறிஞ்சற ஒத்துத்தாள் வச்சு ஒவ்வொரு பக்கமா காய வச்சிடலாம் சார்."

"எங்க வச்சு? கரண்ட் இல்ல, ஃபேன் இல்ல, காத்தே ஈரமா இருக்கு. நீ பாதி பக்கம் தாண்டறதுக்குள்ள மீதி பூஞ்சை பிடிச்சுடும். இத உறைய வச்சுடணும். கல்லா இறுகிட்டா அப்படியே நிக்கும். அப்புறம் விவரம் தெரிஞ்சவங்களை வரவழைச்சுக்கலாம்." மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். "உன் வீட்டுக்காரர் மீன் கம்பெனியிலதானே இருக்காரு?"

"ஆமா சார். ஐஸ் ரூம் மிஷின் பாக்கறாரு."

"ஜெனரேட்டர் ஓடுதா?"

"ஓடாம இருக்குமா? மீனு கெட்டுச்சுன்னா அவங்க முதலாளி உயிரையே விட்டுருவாரு."

"அப்ப நீ கொண்டு போ. காலேஜ் முதல்வர் அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

காவலுக்கு இருந்த வாட்ச்மேனும் அப்போது அங்கே இல்லை. அவன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள் என்று சொல்லி அழாத குறையாக நின்றவனை, நூலகர்தான் போகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, புத்தகம் அவள் கைக்கு மாறியதைப் பார்க்க அங்கே வேறு ஈ காக்கை இல்லை. பசை கிண்டுகிற அகலத் தொட்டியில் புத்தகத்தை வைத்து, பாலிதீன் விரிப்பால் மூடி, தலையில் தூக்கிக்கொண்டு பசையக்கா இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது நூலகர் மறுபடியும் கீழ்த்தளத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

மீன் கம்பெனி ஆற்றோரத்து மேட்டில் இருந்தது. படகுகளிலிருந்து மீனை இறக்குகிற இறக்குமேடை தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும். பின்னால் குளிர் அறைகள். அமோனியா வாடை மூக்கைப் பிடுங்கியது. அவள் புருஷனை ஐஸ்காரர் என்றுதான் ஊரே சொல்லும். வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் பஞ்சு வைத்த சட்டையும் குல்லாவுமாகத் திரிகிறவர். அன்றைக்கு ஜெனரேட்டருக்கு டீசல் கேன் சுமந்து சுமந்து தோள் சிவந்திருந்தது.

"என்னது இது?"

"லைப்ரரி புத்தகங்க. நனைஞ்சு போச்சு. உறைய வைக்கணும்னு சார் சொல்லி அனுப்பினாரு."

"புத்தகத்தையா? மீனு மாதிரியா?"

"மீனு மாதிரிதான்."

"முதலாளி வந்து கேட்டா நான் என்ன சொல்றது? புது வகை மீனு சிக்கியிருக்கு, செதிலெல்லாம் தாளா இருக்குன்னா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முதலாளி வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார். பாலம் மூழ்கிக் கிடந்தது. இரண்டு பேருமாக மெழுகுத்தாளில் சுற்றி, அதன் மேல் பாலிதீன் சுற்றி, தைத்த முதுகு கீழே வரும்படி மீன் கூடை ஒன்றில் நிறுத்தி வைத்தார்கள். இருப்பதிலேயே கடுங்குளிரான அறையின் கடைசி அடுக்கில், வாய் பிளந்து உறைந்து கிடந்த பெரிய மீன்களுக்குப் பக்கத்தில், ஐஸ்காரர் அந்தக் கூடையைத் தள்ளினார். கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். பெரிய வேலை முடிந்தது என்று பசையக்கா மூச்சு விட்டாள்.

வெள்ளம் வடிகிற வரைக்கும் அவர்கள் குடியிருந்த மாடி ஒரு தீவு மாதிரி இருந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். படிக்கட்டின் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. அதில் ஒரு செருப்பு போவதும் வருவதுமாக மிதந்தது. ஃபோனில் உயிர் இல்லை. உருளைக்கிழங்கை வேக வைத்து, காய்ந்த ரொட்டியோடு தின்றார்கள். ஐஸ்காரர் மட்டும் தண்ணீரில் இறங்கி வேலைக்குப் போய் வந்தார். அவருடைய தங்கை, ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருக்கிறவள், வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிய அன்று சாயங்காலம் அவள் வந்து சேர்ந்தாள். சேறு அப்பிய காலோடு அடுப்படியிலேயே உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"அண்ணி, உங்க லைப்ரரி சார் எங்க வார்டுலதான் கிடக்கறாரு."

பசையக்கா உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "என்னடி சொல்ற? என்ன ஆச்சு அவருக்கு?"

"பக்கவாதம். வாய் கோணிப்போச்சு. வலப்பக்கம் அசையல, பேச்சும் இல்ல. தண்ணிக்குள்ளயே விழுந்து கிடந்தாராம். யாரோ படகுல தூக்கிட்டு வந்து போட்டாங்க."

"என்னிக்கு?"

"ஆறு உடைச்ச அன்னிக்கேதான். மத்தியானம்."

பசையக்காவின் விரல் நின்றது. அன்றைக்கே மத்தியானம் என்றால், அவர் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. நான் சொல்லிக்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தை அவர் வாய்க்குள்ளேயே செத்துப்போயிருந்தது.

நாத்தனாரின் ஃபோனில் சிக்னல் வந்து போய்க்கொண்டிருந்தது. வெள்ளச் செய்திகளைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, சத்தமாகப் படித்தாள்: "கல்லூரியில் இருந்த விலைமதிப்பில்லாத பழைய அறிவியல் நூல் மாயம். அலமாரியின் பூட்டு உடைக்கப்படவில்லை. வெள்ளத்தைப் பயன்படுத்தி, உள்ளே இருந்தவர்களே கைவரிசை காட்டினார்களா என்று போலீஸ் விசாரணை." பிறகு நிமிர்ந்தாள். "அண்ணி, இது உங்க எடம்தானே?"

ஐஸ்காரர் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நனைந்த துண்டு பிய்ந்து தம்ளருக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எந்தப் புத்தகம்?" என்று கேட்டார்.

பசையக்கா கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். பதில் அவள் முகத்திலேயே இருந்தது.

ஐஸ்காரரின் பயத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் வேறொரு ஐஸ் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே செம்புக் குழாய்கள் திருடுபோயின. சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள், இவரிடம் இருந்தது. கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த அறையில் என்ன நடந்தது என்று அவர் பெண்டாட்டியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. திருடியவன் வேறெங்கோ அகப்பட்ட பிறகு, போடா என்று விட்டுவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை. இன்றைக்கும் வேலை முடிந்து கிளம்பும்போது, யாரும் கேட்காமலே சட்டைப்பையையும் கால்சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். முதலாளி எத்தனையோ தடவை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"எவ்வளவு பெரிய பொருள்னு என்கிட்ட ஏன் சொல்லல?" ஐஸ்காரர் கேட்டார்.

"எனக்கு அப்படித் தோணலைங்க. நனைஞ்ச புத்தகம், காப்பாத்தணும். அது மட்டும்தான் மனசுல இருந்துச்சு. சாருதான் சொல்லிக்கிறேன்னாரே."

"சாரு பேசுவாரா இனிமே?"

நாத்தனார் மெல்ல, "டாக்டரு எதுவும் சொல்ல முடியாதுங்கறாரு அண்ணே" என்றாள்.

"இப்ப அது எங்க இருக்கு? என் ரூம்ல. பூட்டு யாருது? என்னுது. சாவி?" இடுப்பிலிருந்து உருவித் தரையில் போட்டார். அது சிமெண்டில் விழுந்து கிலுங்கியபோது மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "முன்ன ஒரு தடவை புடிச்ச ஆளு. மறுபடியும் சாவி அவன்கிட்டயே. நீயே போலீஸா இருந்தா என்ன நினைப்ப?"

"நான் இப்பவே போயி முதல்வர் அம்மாகிட்ட சொல்லிடறேன்." பசையக்கா எழுந்தாள்.

"சொல்லி? ஐயோ பாவம், நல்ல காரியம் பண்ணினியேன்னு மாலை போடுவாங்களா? பூட்டை உடைக்காம எடுத்திருக்கு, கொண்டு போயி மீனுக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருக்கு. விக்கறதுக்கு ஆள் கிடைக்கற வரைக்கும் வச்சிருந்தாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"நாம எடுக்கலையேங்க."

"அன்னிக்கும் நான் எடுக்கல."

அவள் வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"பேசாம ஆத்துல விட்டுடலாம்" என்றார் ஐஸ்காரர். "வெள்ளம் எத்தனையோ அடிச்சிட்டுப் போச்சு. இதையும் அடிச்சிட்டுப் போச்சுன்னு நினைச்சுப்பாங்க."

"அண்ணே!" என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு. உனக்குத் தெரியாது."

பசையக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "காலைல பேசிக்கலாம்" என்றார் அவர். "இன்னிக்கு மட்டும் விடு. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன், இன்னிக்கு மட்டும் எங்கயும் போகாத." அவர் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அவள் போகவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை. வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பக்கத்தில் அவர் மூச்சை அடக்குவது தெரிந்தது.

விடியும் நேரத்தில் கண் அசந்துவிட்டாள் போல. விழித்தபோது பாய் காலியாக இருந்தது. தரையில் கிடந்த சாவியையும் காணவில்லை.

தெருவில் இறங்கினாள். வீடுகளுக்கு முன்னால் மெத்தைகளும் நாற்காலிகளும் சேறு வழியக் குவிந்து கிடந்தன. பால் வாங்க நின்ற கூட்டத்தில், நூலகத்தைக் கூட்டுகிற அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பசையக்கா, விஷயம் தெரியுமா? நம்ம வாட்ச்மேனை நேத்துச் சாயங்காலம் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. காவல்ல இல்லாம எங்கடா போனன்னு கேட்டிருக்காங்க. வீட்டுல தண்ணி வந்துடுச்சுன்னு சொன்னானாம். யாரு போகச் சொன்னதுன்னா, நூலகருன்னு சொல்றான். அவருதான் பேச மாட்டேங்கறாரே. அவன் பெண்டாட்டி ஸ்டேஷன் வாசல்லயே கிடக்கா, பாவம்."

பசையக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. ஓடினாள். சேற்றில் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. மற்றதையும் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். வாட்ச்மேனைப் பற்றி நினைத்தாளா, புருஷனைப் பற்றி நினைத்தாளா, புத்தகத்தையா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மிஷின் அறையில் அவர் இல்லை. குளிர் அறைக் கதவு திறந்து கிடந்தது. வெள்ளைப் புகை மாதிரி குளிர் வெளியே வழிந்துகொண்டிருந்தது. அப்படித் திறந்து போட்டுவிட்டுப் போகிற ஆளே இல்லை அவர். பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு இறக்குமேடைக்கு வந்தாள்.

மேடையின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டபடி ஐஸ்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீன் கூடை. கீழே ஆறு காபி நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. ஒரு கை கூடையின் மேல் இருந்தது. தள்ளுவதற்கு வைத்த கையா, விழாமல் பிடித்த கையா என்று பின்னாலிருந்து பார்த்த பசையக்காவுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் அதிர்ச்சியில் தள்ளிவிடுவாரோ என்று பயந்தாள். சத்தமில்லாமல் போய், கூடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"போடத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றார் அவர், திரும்பாமலே. "போட்டாலும் வருவாங்க. போடாட்டியும் வருவாங்க. எது பண்ணினாலும் அந்த ரூம்தான். வந்ததுலேருந்து அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"வாட்ச்மேனைப் புடிச்சுட்டாங்க."

அவர் தலை திரும்பியது. "எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

"அப்ப ராத்திரி பூரா..."

"ஆமா."

ஒரு மரம் மேடைத் தூணில் மோதி, சுழன்று, விலகிப் போனது. "காலையில டீ குடுப்பாங்க" என்றார் திடீரென்று. "ராத்திரி அடிச்ச ஆளே கொண்டு வந்து குடுப்பான். தம்ளரைப் புடிக்க முடியாது. அதைப் பாத்துச் சிரிப்பான்." இத்தனை வருஷத்தில் அந்த அறையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அதுதான்.

பிறகு கையில் ஈரம் பட, அவர் கூடையைப் பார்த்தார். பாலிதீனின் மேல் பூத்திருந்த வெண்பனி முத்து முத்தாகத் திரண்டு வழிய ஆரம்பித்திருந்தது.

"ஐயோ, உருகுது!" ஐஸ்காரர் துள்ளி எழுந்தார். கூடையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பழைய இடத்தில் வைத்தார், கதவை அறைந்து சாத்தினார், குளிர் ஏறுகிறதா என்று மீட்டரை எட்டிப் பார்த்தார். எல்லாம் வேலைக்காரனின் அவசரம். முடித்துவிட்டுக் குல்லாவைக் கழற்றினார். "வா, போலாம்" என்றார். "நடுவுல நான் நின்னா, இழுத்துட்டுப் போ."

நடுவில் அவர் இரண்டு தடவை நின்றார். அவள் இழுக்கவில்லை, கூடவே நின்றாள். பிறகு அவரே நடந்தார்.

ஸ்டேஷன் வாசலில் வாட்ச்மேனின் பெண்டாட்டி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். பசையக்காவைப் பார்த்ததும், யாராவது நல்ல சேதி கொண்டு வருகிறார்களோ என்று அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் பசையக்கா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் போனதும் ஐஸ்காரரின் கைகள் தாமாகவே சட்டைப்பையை வெளியே இழுத்துப் போட்டன. பிறகு கால்சட்டைப்பையை. காலிப் பைகள் நான்கும் நாக்கு மாதிரி தொங்க, வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"என்னய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், காணாமப் போன புத்தகம் என்கிட்ட இருக்கு. நான்தான் வச்சிருக்கேன். அந்த வாட்ச்மேன் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

"அவர் இல்ல சார். நான்தான் கொண்டு போனேன். நூலகர் சார் குடுத்து அனுப்பினாரு."

"ரூம் என்னுது சார். சாவி என்னுது."

"அவருக்கு என்ன புத்தகம்னே தெரியாது சார்!"

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புருஷனும் பெண்டாட்டியும் வெளிய போயி, யாரு திருடினதுன்னு பேசி முடிவு பண்ணிக்கிட்டு வாங்க. எங்க இருக்கு அது?"

"மீன் கம்பெனி ஐஸ் ரூம்ல சார்."

பின்னால் ஒரு போலீஸ்காரர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. உள் அறையிலிருந்து யாரோ இருமினார்கள். கீழ்த்தளத்துத் தூசியில் வருஷக்கணக்காகக் கேட்ட வாட்ச்மேனின் இருமல். பசையக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் சீக்கிரமாக நடக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஐஸ்காரரின் பேரைக் கேட்டு, ஒருவர் பழையதை ஞாபகம் வைத்திருந்து, "செம்புக் குழாய் ஆளுதானே நீ?" என்றார். இல்லை என்றும் சொல்ல முடியாமல் ஆம் என்றும் சொல்ல முடியாமல் ஐஸ்காரர் தரையைப் பார்த்தார். வெயில் ஏறிய பிறகு ஜீப்பில் ஏற்றி மீன் கம்பெனிக்குக் கூட்டிப் போனார்கள். முதல்வர் அம்மாவும் சேற்றுப் புடவையோடு அங்கே வந்து சேர்ந்தார்.

கூடையை வெளியே எடுக்காமல், குளிர் அறைக்குள்ளேயே எல்லாரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

"பிரி" என்றார் இன்ஸ்பெக்டர். "உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"பிரிக்கக் கூடாது சார்" என்றாள் பசையக்கா. "மேல் சுத்தைப் பிரிச்சா, உள்ளயும் திறந்து பாக்காம விட மாட்டீங்க. அட்டையைத் தூக்கினா தாளோட பிஞ்சு வந்துடும்."

"எனக்குச் சொல்லித் தரியா? ஏய், அதை எடு."

போலீஸ்காரர் கையை நீட்டினார். ஐஸ்காரர் நகர்ந்து கூடைக்கு முன்னால் வந்து நின்றார். யாரையும் தடுப்பது போலக்கூட இல்லை. இடம் மாறி நின்றது போலத்தான் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அது குளிர் இல்லை. அந்தக் குளிர் அவருக்குப் பழக்கம்.

"என்னை என்ன வேணா பண்ணுங்க சார்" என்றார். "அதைத் தொடாதீங்க."

முதல்வர் குனிந்து பாலிதீனைக் கைக்குட்டையால் துடைத்தார். பனிக்கு அடியில் பித்தளைக் கொக்கி மங்கலாகத் தெரிந்தது. "இதுதான்" என்றார். "ஆனா நூலகர்தான் குடுத்தாருங்கறதுக்கு..."

"ஆஸ்பத்திரியில என் நாத்தனார் இருக்கா அம்மா. அவரையே கேளுங்க. பேச முடியாது. காது கேக்கும்."

வெளியே வந்து, நாத்தனாரின் ஃபோனுக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். சிறிய திரைக்குள் நூலகரின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்தது. முதல்வர் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "சார், அந்தப் பழைய புத்தகத்தை பசையக்காகிட்ட நீங்கதான் குடுத்தீங்களா? உறைய வைக்கச் சொன்னீங்களா?" முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு போர்வைக்கு மேல் கிடந்த இடது கை எழும்பி விழுந்தது. எழும்பி விழுந்தது. நிற்கவே இல்லை. "போதும் சார், போதும்" என்று நாத்தனார் அந்தக் கையைப் பிடித்து அமுக்க வேண்டியதாயிற்று.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இதை முதல்லயே வந்து சொல்றதுக்கு என்ன?" என்றார். ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

புத்தகம் பிழைத்தது. தலைநகரத்து ஆவணக் காப்பகத்தில், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஐஸைத் தண்ணீராக்காமலே ஆவியாக்குகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. அது வரைக்கும் உறைந்தபடியே கொண்டு போக, மீன் ஏற்றுகிற குளிர் லாரியைத் தவிர வேறு வண்டி கிடைக்கவில்லை. பாலம் திறந்த அன்று மத்தியானம் முன்னால் போலீஸ் ஜீப், பின்னால் மீன் லாரி என்று ஊர்வலம் கிளம்பியது. ஓரங்களில் எழுதியிருந்த அந்தப் பொடி எழுத்து பாதி கரைந்து, பாதி தங்கியது. வட்டப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதெல்லாம் பல மாதங்களுக்குப் பிறகு தெரிய வந்த விஷயம்.

வாட்ச்மேனை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் ஐஸ்காரரும் பசையக்காவும் அவன் வீட்டுக்குப் போனார்கள். தாழ்வான பகுதி அது. வெள்ளம் வடிந்தும் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குச் சேறு தங்கியிருந்தது. வாரிப் போட வேண்டியவன் வாசல் கட்டிலில் குப்புறக் கிடந்தான். பாதங்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. ஐஸ்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவன் பெண்டாட்டி சேறு அள்ளுகிற தட்டோடு வெளியே வந்தாள். இவர்களைப் பார்த்ததும் நின்றாள்.

"போலீஸ் தேடறது எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

பசையக்கா பொய் சொல்லியிருக்கலாம். "முந்தாநாள் சாயங்காலம்" என்றாள்.

"முந்தாநாள் சாயங்காலம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "அப்பவே வந்து சொல்லியிருந்தா, அந்த ராத்திரி..."

"ஆமா" என்றாள் பசையக்கா.

"அவரு எழுந்து நிக்க மாட்டேங்கறாரு அக்கா. ஒண்ணுக்குப் போகக்கூட நான்தான் தூக்கணும்."

"ஆமா" என்றாள் மறுபடியும். மன்னிச்சுடு என்று சொல்ல நினைத்துத்தான் வந்திருந்தாள். அந்தப் பாதங்களைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் கூசியது.

வாட்ச்மேனின் பெண்டாட்டி உள்ளே போய்விட்டாள். கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறக்கவில்லை, தூங்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஐஸ்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். சுவரோரம் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் இறங்கினார். மூலையிலிருந்து சேற்றை வெட்டி வாசல் பக்கமாகத் தள்ளத் தொடங்கினார். மடங்காத விரல்கள் மண்வெட்டியின் பிடியைச் சரியாகப் பற்றவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் நழுவியது. ஆனாலும் வெட்டினார்.

பசையக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அள்ளுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் இரண்டு கையாலும் வாரி வாசலில் கொட்டினாள். சேறு குளிர்ந்து, சாக்கடை நாற்றம் அடித்தது. அதற்குள் ஒரு குழந்தைச் சட்டை, ஒரு கரண்டி, ஊறிப் பிரிந்த பாடப்புத்தகம் ஒன்று. தனித்தனியாக எடுத்து வாசல் சுவரின் மேல் வைத்தாள். மறுபடியும் குனிந்தாள்.

வீட்டுக்காரி அடுப்பு இருந்த இடத்தைச் சுரண்டியபடி அவர்களைப் பார்க்காமலே வேலை செய்துகொண்டிருந்தாள். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே விழுந்தபோதுதான் அவள் எழுந்து பின்பக்கம் போனாள். திரும்பி வந்தவள், கைப்பிடி அறுந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பசையக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய்க் குனிந்துகொண்டாள்.